குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

வாசகர் கேள்விகள் - மனநல மருத்துவர் பதில்கள்

கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் மனச்சோர்வைக் கேள்வித்தாள் வைத்து முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றிப் போன மாதம் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில். பெயர் வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம், அதனால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எனக்கு 7-ஆம் மாதம் நடக்கிறது. செக்கப்புக்குப் போன இடத்தில் பத்துக் கேள்வி இருந்த ஒரு தாளைக் கொடுத்து டிக் போடச் சொன்னார்கள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தார். எதற்கு வம்பு என்று படித்துக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்திலேயே டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன்: "21 மார்க் வந்திருக்கு, வீட்டுக்காரரோட உடனே வாங்க." வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எனக்குப் பைத்தியமா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லைம்மா. அந்த 21 எப்படி வந்தது என்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். உங்களிடம் கொடுத்தது எடின்பரோ அளவுகோல். ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூன்று பேரும் உருவாக்கி 1987-ல் வெளியிட்டது, இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்குகிறது, தமிழிலும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில், 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. இதில் 1, 2, 4 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் முதல் கட்டத்துக்கு 0. மற்ற ஏழுக்கும் முதல் கட்டத்துக்குத்தான் 3. ஏழு மூன்று இருபத்தொன்று. படிக்காமல் வரிசையாக டிக் போட்டவர்கள் எல்லோருக்கும் இதே 21 தான் வரும்!

சிரித்துவிட்டு விட்டுவிடவும் முடியாது. பத்தாவது கேள்வி, "என்னை நானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறதா" என்பது. அதற்கும் முதல் கட்டம், அதாவது "ஆமாம், அடிக்கடி" என்று டிக் போட்டிருக்கிறீர்கள். மற்ற ஒன்பதும் பூஜ்யமாக இருந்தாலும் அந்த ஒன்றில் "ஆமாம்" வந்தால் அன்றைக்கே கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதுதான் முறை. ஆக, போன் செய்தது சரி. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாளை நீட்டியதுதான் தப்பு. உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்காரரையும் சேர்த்துக் கூப்பிட்டது அதைவிடத் தப்பு. ரத்தம் எடுக்கும்போது மாமியார் பக்கத்தில் இருந்தால் ரிசல்ட் மாறாது. இதில் மாறும். தனி அறையில் கேட்க வழி இல்லாத இடத்தில் இந்தத் தாளைக் கொடுக்காமலே இருக்கலாம் என்பது என் கருத்து, கூடப் பணிபுரிகிற சிலர் இதற்காக என்னோடு சண்டை போடுவார்கள்.

போய் நடந்ததைச் சொல்லுங்கள். தனியாக உட்கார்ந்து திரும்ப எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள், 5 நிமிஷம்கூட ஆகாது. கடந்த 7 நாளில் எப்படி இருந்தீர்கள் என்பதை மட்டும் வைத்து எழுதுங்கள், பொதுவாக நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதை அல்ல. பசி, களைப்பு, முதுகுவலி எதையும் அது கேட்காது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் களைப்பாக இருப்பதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? முன்பு போல மனசுவிட்டுச் சிரிக்க முடிகிறதா, எதையாவது ஆசையாக எதிர்பார்க்கிறீர்களா, நடக்கிற தப்புக்கெல்லாம் உங்களையே திட்டிக்கொள்கிறீர்களா, காரணமே இல்லாமல் பதறுகிறதா என்று போகும். தூக்கத்தைப் பற்றிய கேள்விகூட "தூங்குகிறீர்களா" என்று இருக்காது, துக்கத்தால் தூக்கம் கெடுகிறதா என்றுதான் இருக்கும். பிரசவமான பெண்களிடம் அதையே நான் வேறு விதமாகக் கேட்பேன்: குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? நல்ல களைப்பில் இருப்பவள் குழந்தை கண் மூடியதும் சாய்ந்துவிடுவாள். மனச்சோர்வு இருப்பவள் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள்.

பெரும்பாலான இடங்களில் 13-ம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் பேசிப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் 10 வந்தாலே கூப்பிடுவார்கள். எவ்வளவு வந்தாலும் அது நோய் என்று ஆகிவிடாது, உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். அப்புறம் ஒன்று. மாமியார், தாள், போன் எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. இரண்டாம் தடவை எழுதும்போது அதை எழுதுங்கள்.

கேள்வி: மகளுக்குத் தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், 20 நாள் ஆகிறது. பத்தியச் சாப்பாடு, மருந்து, எண்ணெய் என்று ஒரு குறை வைக்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது சுவரையே பார்த்துக்கொண்டு கண்ணீர் விடுகிறாள். "நான் நல்ல அம்மா இல்லை"ங்கிறாள். பச்சை உடம்புக்காரி, எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், கண்ணேறு கழித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: பொறுக்க வேண்டிய நாள் முடிந்துவிட்டது. பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணம் இல்லாமல் அழுகை வருவது, சட்டென்று எரிச்சல் வருவது எல்லாம் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு உண்டு. தானாகவே பத்து நாளில், மிஞ்சிப் போனால் 2 வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மருந்து வேண்டாம், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். 2 வாரம் தாண்டியும் நாளின் பெரும்பகுதி அழுகையும் "நான் லாயக்கில்லை" என்ற பேச்சும் இருந்தால் காட்டத்தான் வேண்டும். கண்ணேறு கழிப்பதை நான் தடுக்கவில்லை, கழித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறுங்கள். ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் சேர்த்தே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தாறுமாறாகிச் சோர்வையும் படபடப்பையும் கொடுப்பது உண்டு, அதை விட்டுவிட்டு மனசை மட்டும் பார்த்துப் பயன் இல்லை.

இன்னொன்றையும் உங்களைப் போன்ற அம்மாக்களுக்குச் சொல்ல வேண்டும். 6 வாரத்தில் ஆஸ்பத்திரியில் கேட்கும்போது நம் ஊர்ப் பெண் பெரும்பாலும் தாய் வீட்டில் இருக்கிறாள். பிள்ளையைத் தூக்க ஆள் உண்டு, தட்டு கைக்கு வரும். மார்க்கும் குறைவாகத்தான் வரும். 3-ஆம் மாதமோ 5-ஆம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் இரவு விழிப்பும், வீட்டு வேலையும், பேச்சும் மொத்தமாக இறங்கும். அந்த மாதத்தில் அவளை யாரும் கேட்பதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகு, "பிள்ளை பால் குடிக்கிறதா" என்று விசாரிக்கிற போனில் மகளைப் பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: நான்கு பிள்ளை பெற்றேன். எட்டாம் நாள் அடுப்படியில் நின்றேன். எங்கள் காலத்தில் டிப்ரெஷன் எல்லாம் கிடையாது. இப்போதைய பெண்களுக்குப் பொழுது போகாமல் வருவதுதானே இது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: எட்டாம் நாள் அடுப்படியில் நின்றபோது உங்களை யாராவது "எப்படிம்மா இருக்கே" என்று கேட்டார்களா? யாரும் கேட்காததால் இல்லை என்று ஆகிவிடுமா அம்மா?

பொழுது போகாத பட்டணத்துப் பெண்களைப் பற்றிய விஷயமே இல்லை இது. வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களிலும், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடோ பெற்றவர்களோடோ உறவு சரியில்லாதது, கைக்கு உதவி இல்லாதது ஆகியவைதான் அதோடு சேர்ந்து வந்தன. அதே வருடம் கோவாவில் இருந்து வந்த ஆய்விலும் பெண் குழந்தை விஷயம் இருந்தது. இந்திய ஆய்வுகள் முப்பத்தெட்டைச் சேர்த்துப் பார்த்துச் சராசரியாக 22 சதவீதம் என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் கணக்குச் சொன்னார்கள். இந்தப் பட்டியலில் ஒரு மாமியார் மாற்றக்கூடியவை குறைந்தது இரண்டாவது இருக்கின்றன.

கேள்வி: தங்கைக்குப் பிரசவமாகி 9 நாள். 3 நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை, ஆனால் களைப்பே இல்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்கிறாள். காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறாள். சன்னி என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்.
- வாசகர், சேலம்

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கிற கடிதம் இல்லை இது. இவருக்கு அன்றே போனில் பதில் சொல்லியாகிவிட்டது. மற்றவர்களுக்காகப் போடுகிறோம்.

இதற்குக் கேள்வித்தாளே வேண்டாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றோ இரண்டோ பேருக்கு, பெரும்பாலும் முதல் 2 வாரத்துக்குள் திடீரென்று வரும் தீவிர மனநோய் இது. நெஞ்சுவலிக்கு எப்படி ஓடுவோமோ அப்படி, அதே நாளில், மனநலப் பிரிவு இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடலாம். அதுவரை தாயையும் தனியாக விடக் கூடாது, தாயோடு குழந்தையையும் தனியாக விடக் கூடாது. பயப்பட வேண்டாம், சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவே, 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. ஆபத்து இருந்தால் மட்டும், அதுவும் தற்காலிகமாகத்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வதற்கென்றே தனி வார்டு இருக்கிறது. அடுத்த பிரசவத்தில் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்பதால், மறுபடி நாள் தள்ளிப்போனதும் முதல் செக்கப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். மறைப்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். பிக்மியில் கர்ப்பிணிகள் பதிவு, தடுப்பூசி, தொற்றா நோய் என்று ஏற்கெனவே ரிஜிஸ்டருக்கு மேல் ரிஜிஸ்டர். இதில் மனசையும் கேள் என்றால் எந்த நேரத்தில் கேட்பது? கேட்டு அந்தப் பெண் அழுதுவிட்டால் நான் என்ன செய்வது? எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல மருத்துவர் கிடையாது.
- விழுப்புரம் மாவட்டம்

பதில்: சிஸ்டர், வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையது. கேட்டுவிட்டு அனுப்ப இடமில்லை என்றால் கேட்பது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற துரோகம்தான், அதை ஒத்துக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் நேரம். பத்துக் கேள்வியை எல்லோரிடமும் கேட்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் முதல் செக்கப்பிலேயே இரண்டே கேள்வி கேட்கிறார்கள், பிரசவத்துக்குப் பிறகும் அதையே கேட்கிறார்கள்: கடந்த ஒரு மாதத்தில் மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாத மாதிரி அடிக்கடி இருந்ததா? எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் அடிக்கடி இருந்ததா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் நகர்ந்துவிடலாம். ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் பத்துக் கேள்வித்தாளை எடுங்கள். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள், உங்கள் ஊர்ப் பேச்சில், பாடப்புத்தகத் தமிழில் வேண்டாம்.

எங்கே கேட்பது? பெஞ்சில் வைத்துக் கேட்காதீர்கள். மஞ்சப்பையில் கார்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மடியில் வைத்துக்கொண்டு மாமியார் முந்திக்கொள்வார்: "நல்லாத்தான் இருக்கா சிஸ்டர், சாப்பிடத்தான் மாட்டேங்கிறா." அந்தப் பெண் தரையைப் பார்த்துத் தலையாட்டுவாள், ரிஜிஸ்டரில் "இல்லை" என்று ஏறிவிடும். பயிற்சிக்கு வந்த ஒரு செவிலியர் செய்கிற வேலையைச் சொல்கிறேன். யூரின் டெஸ்ட்டுக்குப் பாட்டிலைக் கையில் கொடுத்துப் பின்பக்கம் தானே கூட்டிப் போவார். பாத்ரூமுக்குள் எந்த மாமியாரும் வருவதில்லை. போகிற வழியில் முதல் கேள்வி, வருகிற வழியில் இரண்டாவது. பல பெண்கள் திரும்பி வரும்போதுதான் வாயைத் திறக்கிறார்களாம்.

அழுதால் அழட்டும். அறிவுரை சொல்லாதீர்கள், "குழந்தை முகத்தைப் பார்த்துத் தைரியமா இரு" என்பதும் அறிவுரைதான். என்ன நடக்கிறது என்று கேளுங்கள், வீட்டில் அடி விழுகிறதா என்றும் கேளுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் மட்டும் அன்றைக்கே, தனியாக அனுப்பாமல், மருத்துவ அலுவலரிடம் கூட்டிப் போக வேண்டும். மற்றவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறார் என்பதைக் கேட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள். நடுவில் பேச 14416, மத்திய அரசின் டெலிமனஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். மாநில அரசின் 104-ம் இருக்கிறது.

எல்லோருக்கும் மனநல மருத்துவர்தான் வேண்டும் என்றும் இல்லை. பாகிஸ்தானில், ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், உங்களைப் போல வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர்களுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளிடம் கடைசி மாதத்தில் தொடங்கி, பிரசவத்துக்குப் பிறகும் மாதக்கணக்கில் முறைப்படி பேச வைத்தார்கள். அதிஃப் ரஹ்மான் குழுவின் ஆய்வு, 2008-ல் வந்தது. குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, வழக்கம்போல வெறுமனே வீட்டுக்குப் போய் வந்த கிராமங்களில் 53 சதவீதம் பெண்களுக்கு மனச்சோர்வு அப்படியே இருந்தது, பேசிய கிராமங்களில் 23 சதவீதம்தான். மாத்திரையே இல்லாமல்! உலக சுகாதார நிறுவனம் அதைப் பின்னர் கையேடாகவே வெளியிட்டது. பக்கத்தில் கேரளத்தில் 'அம்ம மனஸ்' என்று கர்ப்பிணிகளையும் பெற்றவர்களையும் களப்பணியாளர்களே கேட்டு மேலே அனுப்புகிற திட்டம் நடக்கிறது. நம் பக்கம் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்க்கத் தெரிந்திருக்கிறது, இதற்கும் ஆளும் நேரமும் ஒதுக்கினால் செய்துவிடலாம். உங்கள் தோளில் இன்னொரு ரிஜிஸ்டரை ஏற்றிவிட்டு நடந்துவிடும் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எப்போது என்பதற்கு: அமெரிக்காவில் குழந்தையின் 1, 2, 4, 6-ஆம் மாதச் செக்கப்பில் அம்மாவைக் கேட்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். நமக்குப் புதன்கிழமை தடுப்பூசி இருக்கிறதே. 6, 10, 14 வாரம், அப்புறம் 9-ஆம் மாதம். தன் உடம்புக்காக ஆஸ்பத்திரிக்கு வராதவள்கூடப் பிள்ளையின் ஊசிக்கு வந்துவிடுவாள்.

கேள்வி: மனைவிக்கு 15 மார்க். மனநல மருத்துவர் பார்த்துவிட்டு செர்ட்ராலின் மாத்திரை எழுதியிருக்கிறார். பால் கொடுக்கிற உடம்புக்கு மனநோய் மாத்திரையா என்று அம்மா தூக்கி எறிந்துவிட்டார். நான் நெட்டில் அந்தக் கேள்வித்தாளை எடுத்து எனக்கே போட்டுப் பார்த்தேன், 12 வந்தது. ஆண்களுக்கும் இது வருமா?
- வாசகர், கோவை

பதில்: 15 வந்ததோடு விடாமல் மருத்துவர் பேசிப் பார்த்து மருந்து எழுதியிருக்கிறார், அது சரியான வழி. செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு முதலில் யோசிக்கிற மருந்துகளில் ஒன்று அது. பாலை நிறுத்தத் தேவையில்லை. வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், நான்கு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றான பிறகும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. மனைவிக்கோ அவர் குடும்பத்தில் யாருக்காவதோ, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் செலவும் பேச்சுமாக இருந்த காலம் ஏதாவது உண்டா? இருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் தடம் மாறிப் போகலாம், வேறு மருந்து வேண்டியிருக்கும். அம்மாவை அடுத்த தடவை மருத்துவரிடம் நேரில் கூட்டிப் போய் அவர் வாயாலேயே கேட்க வையுங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாது.

உங்கள் 12-க்கு வருவோம். அப்பாக்களுக்கும் வரும், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பத்தில் ஒருவருக்கு என்று கணக்கு, மனைவிக்கு இருந்தால் கணவருக்கும் இருக்க வாய்ப்பு கூடுதல். ஆண்கள் அழுவதைக் குறைவாகத்தான் காட்டுவார்கள் என்பதால் ஆண்களுக்கு எல்லைக்கோட்டையே தாழ்த்தி வைக்க வேண்டும் என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் 12 என்பது ஒதுக்கிவிடக்கூடிய எண் இல்லை தம்பி. மனைவிக்கு மறுபடி காட்டப் போகிற அன்று உங்களுக்கும் ஒரு ஓபி சீட்டு போட்டுக்கொள்ளுங்கள்.